கதவுப் பூட்டில் கறள்

தர்சிகா சம்பூரில் வந்து இறங்கியபோது மழை தூறிக்கொண்டிருந்தது. யுத்தத்தில் ஊரே ஓடிய நாளில் அப்பா விட்டுவிட்டு வந்த மொறிஸ் மைனர் கார், இடிந்த வீட்டுச் சுவரோரம் இன்னும் நின்றது. அப்பா அகதி முகாமிலேயே காலமாகிவிட்டார். காரை வாங்க வந்த சிலர் உள்ளே குனிந்து பார்த்தார்கள்; பிறகு வரவேயில்லை.

விற்பதில்லை, திருத்தி ஓட்டுவது என்று தர்சிகா முடிவெடுத்தாள்.

மூதூர் மெக்கானிக் பஸ்லான் எஞ்சினைக் கழற்றிக் கராஜுக்குக் கொண்டுபோனான். பூட்டு, பிணைச்சல், ஆணி என்று துருப்பிடித்த சின்னச் சாமான்களில் கறள் எடுப்பது அவள் வேலை. வினாகிரியில் ஊறவைத்தாள். கம்பிப் பிரசால் உரசினாள். பளபளத்ததும் துடைத்து எண்ணெய் பூசி வைத்தாள்.

விடிந்து பார்த்தால் எல்லாவற்றிலும் புதுக்கறள். ஈரமாக, கடலடிச் சேற்று மணத்தோடு.

ஒவ்வொரு நாளும் அப்படித்தான்.

"எண்ணெய் பூசின இரும்புல ஒரே ராவுல கறள் வராதுக்கா," பஸ்லான் குரலைத் தாழ்த்தினான். "இந்தக் காருக்குள்ள ஆரோ இரிக்கிறாங்க. விட்டுருங்க."

"ஒருக்கா ஓடினனாங்கள், பஸ்லான். இன்னொருக்கா ஏலாது."

அவன் போனபின் சாரதிப் பக்கக் கதவின் பூட்டைத் தேய்த்து முடித்து, சீலைத்துண்டில் வைத்தாள். நடுப்பகல்தான். ஆனால் வானம் கருத்துக் கிடந்தது. காகங்களின் சத்தம் நின்றுபோயிருந்தது.

அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே பூட்டின் ஓரத்தில் செம்மஞ்சள் படர்ந்தது.

துடைத்தாள்.

மறுபடி படர்ந்தது.

பூட்டை உள்ளங்கைக்குள் இறுக்கிப் பொத்தினாள். கைச்சூட்டுக்குள் கறள் வரவில்லை. அப்படியே எழுந்துபோய், கதவில் பொருத்தி, முதல் ஆணியைத் திருகினாள்.

கதவின் உட்புறத்திலிருந்து குளிர்ந்த விரல்கள் அவள் கையைப் பற்றின.

கண்ணுக்கு ஒன்றும் தெரியவில்லை.

"பூட்டாத..."

காதோரம், மூச்சே இல்லாத குரல்.

தர்சிகா கையை இழுக்கவில்லை.

"நீ ஆரெண்டு எனக்குத் தெரியாது. நாங்கள் இல்லாத காலம் இருந்திட்டாய், சரி. இப்ப நான் வந்திட்டன். கையை எடு."

பிடி இறுகியது. எலும்பு நோக, கண்ணீர் வழிய வழியத் திருகினாள். கடைசி ஆணியும் இறுகியது. கதவை அடித்துச் சாத்தினாள். பூட்டு டக்கென்று பூட்டிக்கொண்டது.

விரல்கள் விட்டன.

கிணற்றடியில் கையைக் கழுவியபோது கறளெல்லாம் கரைந்து ஓடியது. புறங்கையில் விரல் தடங்கள் மட்டும் செம்மஞ்சளாய் நின்றன. சவர்க்காரமும் தேசிக்காயும் போட்டுத் தேய்த்தும் போகவில்லை.

மறுநாள் எஞ்சினோடு வந்த பஸ்லான் அந்தக் கையைப் பார்த்துப் பின்வாங்கினான்.

"இது என்னக்கா?"

"கறள்," என்றாள். அதே கையை நீட்டினாள். "மற்றப் பக்கக் கதவுப் பூட்டை எடுத்துத் தாங்கோ."

இருவரும் வெளியேதான் நின்றார்கள்.

காருக்குள் சீட்டுக் கம்பிகள் மெல்ல முனகின. யாரோ மற்றக் கதவுப் பக்கமாக நகர்ந்து உட்கார்ந்தார்கள்.