பழனிக்கு நடந்தே போகலாம்

ஏந்துகூடத்துக்குள் யாரும் யாரையும் "இப்ப எப்படி இருக்கு?" என்று கேட்பதில்லை. அது அங்கே எழுதாத சட்டம். ஐந்து பேருக்கும் ஆளுக்கொரு திண்டு உண்டு. ஒருவர் உட்காருவார், ஒருவர் நின்றுகொண்டே இருப்பார், ஒருவர் பெஞ்சில் குப்புறப் படுத்துக்கொள்வார். ஏன் படுத்தாய் என்று ஒரு வார்த்தை கிடையாது. வெளியில் எங்கே போனாலும் இப்படி ஓர் இடம் கிடைக்காது. அதனால்தான் கனிஷ்காவுக்குச் செவ்வாய்க்கிழமை வந்தால் கல்யாண வீட்டுக்குக் கிளம்புகிற மாதிரி இருக்கும்.

"வாங்கக்கா, உங்க திண்ட சன்னலோரமாப் போட்டு வெச்சிருக்கறனுங்க" என்பார் சபைத் தலைவர் மோனீஷ். லாரியிலிருந்து விழுந்து முதுகு நொறுங்கிய மனிதர். வலி உச்சத்தில் இருக்கும்போதுதான் அதிகமாகக் கேலி பேசுவார்.

திருப்பூர் ஏந்துசபையின் வேலை, தீராத வலியோடு வாழ்பவர்களில் யாருக்கு நரம்புத்தாழ் கொடுப்பது என்று தீர்மானிப்பது. நரம்புத்தாழ் ஓர் அரிசி அளவுதான் இருக்கும். தண்டுவடத்தை ஒட்டி வைத்துத் தைத்துவிட்டால் வலி மூளைக்குப் போகிற கதவு ஆயுசுக்கும் மூடிக்கொள்ளும். ஆனால் உற்பத்தி கொஞ்சம், கேட்கிற கூட்டமோ ஊர்கொள்ளாதது. முன்பெல்லாம் ஸ்கேன் பார்த்து மருத்துவர்கள் முடிவு செய்தார்கள். ஸ்கேனில் அகப்படாத வலிக்காரர்கள் தெருவில் இறங்கிக் கத்தினார்கள்: "வலிக்கிறவங்களே முடிவு பண்ணட்டும்!" அந்த நேரம் பார்த்து வலிப்பதிவி வந்து சேர்ந்தது. ஒருவர் நரம்பில் ஓடும் வலியைப் பதிந்துகொண்டு இன்னொருவர் நரம்பில் ஓடவிடும் இயந்திரம். அப்புறமென்ன, கேட்டது கிடைத்தது. தாழுக்குக் காத்திருப்பவர்களிலிருந்தே குலுக்கிப் போட்டு, அடுத்தவர் வலியைத் தங்கள்மேல் ஏந்திப் பார்த்து மதிப்பிடும் ஏந்துநர்களை உட்கார வைத்தார்கள். இதைவிட நியாயம் உண்டா என்று நாடே கைதட்டியது.

ஏந்துவதற்கென்று ஒரு முறை இருந்தது. முதலில் இயந்திரம் ஏந்துநரின் சொந்த வலியை அடக்கும், சிலேட்டைத் துடைப்பது போல. பிறகு அடுத்தவர் வலியை இறக்கும். பல்வலியோ முதுகுவலியோ, எதுவானாலும் இடது முன்கையில்தான் இறக்குவார்கள். இடம் தெரிந்தால் ஆள் தெரிந்துவிடும், ஆள் தெரிந்தால் சிபாரிசு வந்துவிடும். நம் ஊர் அல்லவா? ஆகவே பேர் கிடையாது, ஊர் கிடையாது, ஆணா பெண்ணா என்பதுகூடத் தெரியாது. பதிவு ஓடி முடிவதற்குள் பத்துக்கு இத்தனை என்று மதிப்பெண் போட்டு, கருத்தாக ஒரு வார்த்தையும் சொல்லிவிட வேண்டும். ஐந்து பேரின் சராசரி ஏழைத் தொட்டால் தாழ் கிடைக்கும்.

ஏந்துநர்களுக்குக் கூலி இல்லை. தேநீரும் பன்னும் உண்டு. ஆனால் யாரும் பன்னுக்காக வரவில்லை.

கனிஷ்காவின் வலி இடது இடுப்பில் தொடங்கி குதிகால் வரை ஓடும். மிளகாய் அரைத்த கையால் யாரோ உள்ளே தடவுகிற மாதிரி எரிச்சல். சேலை உரசினால் எரியும், மின்விசிறிக் காற்று பட்டால் எரியும். ஒரு காய்ச்சலுக்குப் பிறகு வந்தது, பதினோரு வருடமாகப் போகவில்லை. ஸ்கேனில் ஒன்றும் இல்லை. நாத்தனார் வெயிட்டைக் குறைக்கச் சொன்னாள். பக்கத்து வீட்டுக்காரி வெந்தயம் ஊற வைக்கச் சொன்னாள். கணவன் கவின் சாயப்பட்டறையில் இயந்திரம் ஓட்டுபவன், கெட்டவன் என்று சொல்ல முடியாது. முதல் இரண்டு வருடம் அவளோடு ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாக அலைந்தான். அப்புறம், "ஒண்ணுமில்லீன்னுதான கண்ணு சொல்லிப் போட்டாங்க" என்று முடித்துக்கொண்டான். அந்த வாக்கியம் அவளுக்குக் காலைவிட அதிகமாக எரிந்தது. அவளுக்கு வேண்டியது ஒன்றுதான்: இது நிஜம் என்று யாராவது ஒருவர் சொல்ல வேண்டும்.

அவள் விண்ணப்பித்துப் பதிவு அறைக்குப் போன நாளில் ஒரே பயம். டாக்டரைப் பார்த்ததும் பல்வலி பதுங்குமே, அப்படி இதுவும் பதுங்கிவிட்டால்? பதுங்கவில்லை. பதிவு ஓடிய நேரம் முழுக்க, கண்ணில் பூச்சி பறக்கிற அளவுக்கு எரிந்தது. வீட்டுக்கு வந்து, "ஏனுங்க, இன்னைக்கு நல்லா வலிச்சுதுங்க" என்று சந்தோஷமாகச் சொன்னாள். எப்பேர்ப்பட்ட சந்தோஷம் பாருங்கள்! கவின்கூடக் கடைக்குப் போய் ஜிலேபி வாங்கி வந்தான்.

பதிவு வரிசையில் சேர்ந்து முறை வருவதற்குப் பல மாதம் ஆகும். அந்த இடைவெளியில்தான் குலுக்கலில் அவள் பேர் விழுந்து சபைக்கு வந்தாள்.

முதல்நாள் தன் வலி அடங்கியபோது அவள் வாய்விட்டு அழுதாள். கால் இருந்த இடத்தில் வெறும் கால் இருந்தது. சும்மா இருக்கிற கால்! விரல்களை மடக்கினாள், நீட்டினாள், செருப்பைக் கழற்றிக் குளிர்ந்த தரையில் பாதத்தை வைத்துத் தேய்த்தாள். முன்கையில் யாருடைய வலியோ ஓடிக்கொண்டிருந்தது. ஓடட்டுமே, யாருக்கு என்ன? கொஞ்ச நேரத்தில் போய்விடப் போகிறது. அந்த அடக்கம் மட்டும் தனியாக நிற்காது, அடுத்தவர் வலி ஓடும்வரைதான் நிற்கும். பதிவு முடிந்ததும் சொந்த வலி வாடகைவீட்டுக்குச் சாமான் ஏற்றுகிறவன்போலத் தடதடவென்று திரும்பி வரும்.

அன்று அவள் போட்ட மதிப்பெண் நான்கு. மற்றவர்கள் மூன்று போட்டிருந்தார்கள். "புதுசுங்களா, கை தாராளமா இருக்குது" என்று மோனீஷ் சிரித்தார். கூடவே ஓர் எச்சரிக்கையும் சொன்னார். மற்ற நால்வரிடமிருந்து தொடர்ந்து விலகி மதிப்பெண் போடுபவரை இயந்திரமே உணர்வு பிசகியவர் என்று குறித்துச் சபையிலிருந்து நீக்கிவிடும். சஞ்சனா டீச்சர் அப்படித்தான் போனாராம். கழுத்து நரம்பு நைந்த அந்த அம்மாள் எல்லோருக்கும் ஒன்பது போட்டார். கனிஷ்கா ஒருதடவை அவரைப் போனில் விசாரித்தாள்.

"எனக்கு வேற எந்த வருத்தமும் இல்லம்மா," என்றார் டீச்சர். "செவ்வாக்கெழம அந்தக் கால் மணி நேரம் போச்சே. அது ஒண்ணுதான்."

கனிஷ்கா கற்றுக்கொண்டாள். நான்கு மூன்றானது. அவள் கருத்து சொல்லும் விதம் கூடத்தில் பிரபலமானது. வலி வருவதற்கு முன் வருடா வருடம் தைப்பூசத்துக்குப் பழனிக்குப் பாதயாத்திரை போனவள் அவள். அந்த ஏக்கம் வாயில் கேலியாக வந்தது. மாசி மாதத்துச் செவ்வாய் ஒன்றில் ஒரு பதிவு வந்தது. லேசான எரிச்சல், முன்கையில் மருதாணி காய்கிற மாதிரி. கனிஷ்கா காலை நீட்டி ஆட்டிக்கொண்டே சொன்னாள்:

"இது ஒரு வலிங்களா? இத வெச்சுக்கிட்டு நான் பழனிக்கு நடந்தே போயிட்டு வந்துருவேன். வீட்டுல இருக்கறவங்களப் போட்டுப் படுத்தறக்குன்னே சில பேரு அப்ளை பண்ணுவாங்க போல."

கூடமே விழுந்து விழுந்து சிரித்தது. மோனீஷ் சிரித்த சிரிப்பில் அவர் திண்டு நழுவிக் கீழே விழுந்தது. எல்லோரும் மூன்று போட்டார்கள்.

பங்குனியில் கனிஷ்காவின் முடிவு வந்தது. மறுப்பு வந்தால் காரணத்தையும் கேட்கும் உரிமை உண்டு, அதுவும் வலிக்காரர்கள் போராடி வாங்கியதுதான். சமையல் மேடையில் செல்பேசியை வைத்துவிட்டு அவளும் கவினும் கேட்டார்கள். ஏந்துநர் யாரென்று தெரியாதிருக்கக் குரலை மட்டும் மாற்றியிருப்பார்கள், வார்த்தைகள் அப்படியே இருக்கும்.

"சராசரி மூன்று. விண்ணப்பம் மறுக்கப்படுகிறது. கருத்துகள்: தாங்கக்கூடிய வலி. வேலைக்குப் போக முடியும்..."

கனிஷ்கா அடுப்பை அணைத்தாள்.

"இது ஒரு வலிங்களா? இத வெச்சுக்கிட்டு நான் பழனிக்கு நடந்தே போயிட்டு வந்துருவேன்" என்றது அந்த உணர்ச்சியில்லாத குரல். மீதியையும் விடாமல் சொல்லி முடித்தது.

கவின் கையிலிருந்த டம்ளரைச் சுவரில் அடித்தான். அவன் இப்படிக் கோபப்பட்டு அவள் பார்த்ததேயில்லை.

"எவ அவ? பழனிக்கு நடப்பாளாமா? நீ ராத்திரியில பல்லக் கடிச்சுக்கிட்டுக் கெடக்கறத நான் பாத்திருக்கறேன் கண்ணு, அவ பாத்தாளா? இந்த வலி ஒரு நாளைக்கு, ஒரே ஒரு நாளைக்கு அவளுக்கு வந்து பாக்கோணும்! நாசமாத்தான் போவா!"

பிறகு தரையில் உட்கார்ந்து அவள் காலடியில் தலையைக் கவிழ்த்துக்கொண்டான். "நானும் அப்படித்தான பேசிட்டிருந்தேன் இத்தன வருசமா. என்ற மேலயும் தப்பு இருக்குது கண்ணு. உனக்கு வலிக்குதுன்னு எனக்குத் தெரியும். மெய்யாலுமே தெரியும்."

பதினோரு வருடமாக அவள் காத்திருந்த வாக்கியம். இதோ வந்துவிட்டது. அவளால் அதைக் கையில் வாங்கக்கூட முடியவில்லை. கவின் ஆறுதலாக அவள் பாதத்தைப் பிடித்தான், பிடித்த இடம் பற்றி எரிந்தது. அவள் பாதத்தை இழுத்துக்கொள்ளாமல் அப்படியே வைத்திருந்தாள்.

அவளுக்கு அப்போதுதான் விளங்கியது. பதிவி வலியைப் பதிந்தது, அதில் ஒரு குறையும் இல்லை. நேற்றும் வலித்தது, நாளைக்கும் வலிக்கும் என்பதை அது எப்படிப் பதியும்? அதை எடுத்துவிட்டால் அவளுடைய பதினோரு வருடம் மருதாணி காய்கிற சுகம்தான்.

செவ்வாய்க்கிழமை மற்றவர்கள் வருவதற்கு முன்பே கூடத்துக்குப் போனாள். மோனீஷ் திண்டுகளைத் தட்டிப் போட்டுக்கொண்டிருந்தார்.

"அண்ணா, மாசி மாசம் ஒரு பதிவு வந்துச்சே, பழனின்னு நான் சொன்னேனே. அது என்ற வலிதானுங்க."

மோனீஷ் நிமிராமலே அடுத்த திண்டை எடுத்தார்.

"எப்படிங்கண்ணா விட்டாங்க? என்றது வரும்போது என்னைய வெளிய அனுப்ப வேண்டாமா?"

"அனுப்போணும்னா அது உங்களுதுன்னு யாருக்காச்சும் தெரிஞ்சிருக்கோணுமுங்க்கா. யாருக்கும் தெரியக் கூடாதுங்கறதுதான சட்டம்." திண்டை இரண்டு தடவை தட்டினார். "எனக்கும் இப்படித்தான் ஆச்சு. என்றதுக்கு நானே ரெண்டு போட்டேன். மூணுகூட இல்லீங்."

"அப்பறமும் இங்கயே உக்காந்திருக்கறீங்களா?"

"வேற எங்கீங்க்கா போறது? திருப்பி அப்ளை பண்ண மூணு வருசம் ஆகும். அதுவரைக்கும் காத்திருக்கறவங்கதான நாம."

அவரைக் காறித் துப்ப வேண்டும்போல இருந்தது கனிஷ்காவுக்கு. இன்றிலிருந்து பத்துதான் போடுவேன் என்று நினைத்துக்கொண்டாள். எவன் வலியாக இருந்தாலும் பத்து. என்ன, நீக்கிவிடுவார்களா? நீக்கட்டும். பதிவுக்குள்ளே இருக்கிறவனின் வருடங்களையும் சேர்த்து, அவன் ராத்திரிகளையும் சேர்த்து, பத்து.

இயந்திரத்தை இயக்கும் பெண் கைப்பட்டையைக் கட்டிவிட்டுப் போனாள். சிலேட்டு துடைக்கப்பட்டது. இடுப்பிலிருந்து குதிகால்வரை அந்த நெருப்பு தொடை, முழங்கால், கணுக்கால் என்று இறங்கி அணைந்தது. குளிர்ந்த தரையில் பாதம் பட்டது. முன்கையில் யாரோ ஒருவருடைய குத்தல் தொடங்கியது, விட்டுவிட்டு, ஒரு தையலூசி அளவுக்கு. இந்தக் குத்தலோடு அந்த ஆள் எத்தனை வருடமாக எழுந்து உட்கார்ந்து பல் தேய்க்கிறானோ, யாருடைய கணவனோ, யாருடைய அம்மாவோ. கனிஷ்காவுக்கு எல்லாம் தெரிந்தது. விரலைப் பத்து என்ற பொத்தானின்மேல் கொண்டுபோனாள்.

சஞ்சனா டீச்சரின் குரல் ஞாபகம் வந்தது. அது ஒண்ணுதான்.

மற்ற நான்கு பேரும் போட்டுவிட்டார்கள். மூன்று, மூன்று, இரண்டு, மூன்று. மோனீஷ் அவளைப் பார்த்தார். அந்தப் பார்வையில் கெஞ்சல் இருந்ததா, மிரட்டல் இருந்ததா, சொல்ல முடியாது.

கனிஷ்கா மூன்றை அழுத்தினாள்.

"கருத்துச் சொல்லுங்க்கா," என்றார் மோனீஷ். "உங்க பழனியச் சொல்லுங்க."

"ஆமா," என்றாள் கனிஷ்கா. "இத வெச்சுக்கிட்டுப் பழனிக்கு நடந்தே போலாம்."

எல்லோரும் சிரித்தார்கள். பதிவு முடிய இன்னும் கொஞ்ச நேரம் மிச்சமிருந்தது. அவள் காலை நன்றாக நீட்டிக்கொண்டாள்.