எச்சில் பட்ட ரிமோட்

ரிமோட் ஈரமாக இருந்தது. சோபாவின் கைப்பிடியில், வழக்கமாக வைக்கும் இடத்தில்தான் கிடந்தது, ஆனால் எடுத்தவுடனேயே அவளுக்கு உடம்பு கூசியது; தண்ணீர் பட்டிருந்தால் துடைத்துவிட்டு மறந்திருப்பாள், இதுவோ விரலைப் பிரித்தபோது நூல் நூலாக இழுத்துக்கொண்டு வந்தது, மூக்கருகே கொண்டுபோனதும் தூங்கி எழுந்த வாயின் நாற்றம் அடித்தது. அதை அப்படியே போட்டுவிட்டுக் குளியலறைக்கு ஓடி முழங்கை வரை சோப்புப் போட்டுக் கழுவினாள். கழுவிய பிறகும் அந்த வழவழப்பு விரலிடுக்கில் இருந்துகொண்டே இருந்தது.

அவளுக்கு எச்சில் என்றால் சுத்தமாக ஆகாது. அடுத்தவர் வாய் வைத்த டம்ளரைச் சின்ன வயதிலிருந்தே தொடமாட்டாள். பெற்ற பிள்ளையின் வாயில் வடிவதைக்கூடத் துண்டின் நுனியால்தான் ஒற்றி எடுப்பாள். குட்டிக்கு ஒரு வயது, முன்னால் நாலு பல் முளைத்திருந்தது, அதனால் வாயில் குழாயைத் திறந்துவிட்ட மாதிரி நாளெல்லாம் ஒழுகியது. கண்டதை எடுத்து வாயில் போட்டுக்கொண்டால் மாமியார்தான் சட்டென்று விரலை விட்டுத் துழாவி எடுப்பார்; அவள் பக்கத்தில் நின்று கையைப் பிசைவாள். கணவன் அவளுக்கு வைத்திருந்த பெயர் சோப்பு ராணி. அவன் அப்படிக் கூப்பிடும்போது அவளும் சிரிப்பாள், ஆனால் ஒரு தாய்க்கு இப்படியும் ஒரு அருவருப்பா என்று உள்ளுக்குள் வெட்கமாக இருக்கும்.

இந்த வீட்டுக்கு ரிமோட் வந்ததே ஒரு சண்டையில்தான். அலுவலகத்தில் சர்வர்களைப் பார்த்துக்கொள்வது அவள் வேலை. அங்கே கழித்துக் கட்டிய ஒரு சின்னக் கணினிப் பெட்டியைக் கொண்டுவந்து, லினக்ஸ் ஏற்றி, டிவியோடு இணைத்து, வீட்டுக்கே ஒரு குட்டித் தியேட்டர் செய்து வைத்திருந்தாள். அதை ஓட்டக் கம்பியில்லாத கீபோர்டு ஒன்று. கீபோர்டைத் துடைக்கலாம், உறை போடலாம், எதைத் தட்டினால் என்ன நடக்கும் என்று தெரியும் என்பது அவள் கட்சி. மாமியாருக்கும் அந்தக் கீபோர்டுக்கும் ஏழாம் பொருத்தம். ஒருநாள் ஏதோ இரண்டு பொத்தானைச் சேர்த்து அமுக்கி, படம் போய், திரை முழுக்கக் கறுப்பாகி, வெள்ளை எழுத்து ஓட ஆரம்பித்ததும் வீடே அதிரக் கத்திவிட்டார்.

"ஏம்மா, படம் பாக்கறதுக்கு எதுக்கும்மா இத்தனை பட்டன்? எனக்கு மேல, கீழ, சரி, இது மூணு போதும்" என்றார்.

"மடியில கீபோர்டை வெச்சுக்கிட்டு உக்காந்தா படம் பாக்கற மாதிரியா இருக்கு? ஆபீஸ்ல ஓவர்டைம் பாக்கற மாதிரி இருக்கு" என்று கணவனும் அம்மா பக்கம் சாய்ந்தான்.

"சரிங்க. எந்த ரிமோட்டா இருந்தாலும் பரவால்ல, கொண்டுவாங்க. பெட்டிக்கு நான் கத்துக்கொடுத்துடறேன்."

அந்த வாக்கியத்துக்காக அவள் பின்னால் எவ்வளவோ வருந்தினாள். எந்த ரிமோட்டாக இருந்தாலும் என்றாள் அல்லவா, அவன் ரிப்பேர் கடைக்காரர் ஒருவரின் குப்பைத் தட்டிலிருந்து, பேர் அழிந்து, விளிம்பு தேய்ந்து, யார் யார் கையிலோ இருந்துவிட்டு வந்த ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்தான். ரப்பர் பட்டன்களின் இடுக்கெல்லாம் மஞ்சளாக அழுக்கு. ஊசியால் கிளறி, ஸ்பிரிட்டால் துடைத்தாள். டிவிக்குக் கீழே, புளியங்கொட்டை அளவில் கறுப்பாக ஒரு சிக்னல் வாங்கியை ஒட்டினாள். பட்டன் ஒவ்வொன்றாகக் காகிதத்தை வைத்து அமுக்கி, இது மேலே, இது கீழே, இது சரி என்று பெட்டிக்குப் பாடம் நடத்தினாள். அது சமர்த்தாகக் கற்றுக்கொண்டது.

அதற்குப் பிறகுதான் ஈரம். முதலில் எப்போதாவது, பிறகு தினமும். குட்டி கடித்திருக்கும் என்றார் மாமியார். அவளும் அப்படித்தான் நம்பப் பார்த்தாள், ரிமோட்டை அலமாரியின் உச்சியில் வைக்கத் தொடங்கினாள். அங்கேயும் நனைந்தது. பிறகு பல் தடம் விழுந்தது. ரப்பரில் ஆழமாக, வரிசையாக, நடுவில் ஒரு பல் இல்லாத சந்தோடு. அவள் தன் கட்டைவிரலை அந்தத் தடத்தின் மேல் வைத்துப் பார்த்தாள். பல் ஒவ்வொன்றும் அவள் நகத்தின் அகலம் இருந்தது.

"நீங்க யாராவது இதைக் கடிக்கறீங்களா?" என்று கேட்டாள்.

கணவன் வாய்விட்டுச் சிரித்தான். "ஆமா, சோறு பத்தலை, அதான்." மாமியாரோ, மருமகள் தன் பல்லைச் சொல்கிறாள் என்று முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு மறுநாளே மகள் வீட்டுக்குக் கிளம்பிவிட்டார். அவர் போன அன்றே ரிமோட்டும் காணாமல் போனது. வீட்டைத் தலைகீழாகப் புரட்டியும் கிடைக்கவில்லை. விட்டது சனியன் என்று அவள் கீபோர்டின் உறையைக் கழற்றினாள்.

இன்று பகல் முழுக்க மழை. கணவன் வேலைக்குப் போயிருந்தான். படம் பார்க்கும் அறையில் கனத்த கறுப்புத் திரைச்சீலை போட்டிருந்ததால் நடுப்பகலிலும் அங்கே இருட்டுத்தான். குட்டிக்கு அந்த இருட்டில்தான் தூக்கம் வரும். சோபாவில் கிடத்தி, உருண்டு விழாமல் தலையணைகளை அண்டக்கொடுத்துவிட்டு, அவள் பக்கத்து அறையில் மடிக்கணினியோடு உட்கார்ந்திருந்தாள். மழை ஜன்னல் தகரத்தில் விடாமல் கொட்டிக்கொண்டிருந்தது. அந்தச் சத்தத்துக்கு அடியில், நடுநடுவே, வேறொரு சத்தம் இருப்பதைக் கவனிக்க அவளுக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது.

டிக். சற்று நேரம் கழித்து, டிக்.

டிவியின் மெனுவில் ஒரு கட்டத்திலிருந்து அடுத்த கட்டத்துக்கு நகர்ந்தால் கேட்கும் சத்தம் அது.

எழுந்து போனாள். டிவி ஓடிக்கொண்டிருந்தது. தேடல் பக்கம் திறந்திருந்தது. மாமியார் பழைய பாட்டுத் தேடுவதற்காக அவளே அமைத்துக் கொடுத்த தமிழ் எழுத்துக் கட்டங்கள் திரையை நிறைத்திருந்தன. நீலச் சதுரம் ஒன்று அவற்றின் மேல் கட்டம் கட்டமாக ஊர்ந்துகொண்டிருந்தது. ரிமோட்டில் எழுத்துத் தேடுகிறவர்கள் எல்லாரும் அப்படித்தான் ஊர்வார்கள், இரண்டு கட்டம் தாண்டிப் போய், திரும்பி வந்து. கீபோர்டோ அலமாரியில் இருந்தது. குட்டி வாயைத் திறந்தபடி தூங்கிக்கொண்டிருந்தது.

சதுரம் ஓர் எழுத்தின் மேல் நின்றது. திரையின் தேடல் பெட்டியில் "ஆ" என்று விழுந்தது.

அவள் கணவனுக்குப் போன் போட்டாள்.

"அட, பட்டன் அமுங்கி மாட்டிக்கிட்டிருக்கும். சோபா இடுக்குல விழுந்திருக்கும் பாரு, கையை விட்டு எடு" என்றான். "கையை விடணும்னா அழுவியே நீ!"

"கிண்டல் பண்ணாதீங்க. அது எழுத்து எழுதுது."

"எலி ஏதாவது மேல ஏறி மிதிக்குதோ என்னவோ. மீட்டிங்ல இருக்கேன், அப்புறம் பேசறேன்."

எலி. அதுவும் இருக்கலாம். அருவருப்புத்தான், ஆனாலும் அதுதான் ஆறுதலாகவும் இருந்தது. முதலில் டிவியிடம் போய், சிக்னல் வாங்கியைக் கையால் மூடினாள். சதுரம் நின்றது. கையை எடுத்தாள். டிக். ஆக, சிக்னல் இந்த அறைக்குள்ளிருந்துதான் வருகிறது, அதுவும் எதிர்ப்பக்கத்திலிருந்து. எதிர்ப்பக்கத்தில் இருந்தது சோபா மட்டும்தான்.

பல்லைக் கடித்துக்கொண்டு, குட்டியின் காலருகே, மெத்தைக்கும் சாய்மானத்துக்கும் நடுவில் கையை நுழைத்தாள். துணுக்குகள். முடி. ஏதோ பிசுபிசுப்பு. இன்னும் ஆழத்தில் வெதுவெதுப்பாக இருந்தது. விரலில் உருண்டையாக ஏதோ தட்டுப்பட்டது, பற்றி வெளியே இழுத்தாள். பேட்டரி. மறுபடி துழாவினாள். இன்னொரு பேட்டரி. இரண்டின் மேலும் கோழை மாதிரி ஒரு படலம். மேல்தாள் உரிந்து, வெள்ளை உலோகம் பளபளத்தது. சப்பிச் சப்பி உரித்த மாதிரி.

ரிமோட்டின் பேட்டரிகள் அவள் கையில் இருந்தன.

டிக்.

அவற்றை உதறினாள். குட்டியை வாரித் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள். குட்டி விழிக்கவில்லை; தலை அவள் தோளில் சரிந்தது, கடைவாயிலிருந்து ஒழுகியது கழுத்தில் இறங்கியது. இப்போது துடைக்கத் தோன்றவில்லை. பிள்ளை கையில் இருக்கிறது, வாசல் நாலே எட்டில் இருக்கிறது, போய்விடலாம். ஆனால் திரையில் அடுத்த எழுத்து விழுந்திருந்தது, கண் அங்கே போய்விட்டது.

"ஆ கா".

டிக். டிக். டிக். அதற்கு அவசரமே இல்லை. டகர வரிசைக்குப் போனது. தாண்டியது. திரும்பி வந்தது.

"ஆ காட்".

கடைசி எழுத்து விழுவதற்கு முன்பே அவளுக்குத் தெரிந்துவிட்டது. ஆ காட்டு. இந்த வீட்டில் அதைச் சொல்கிறவள் அவள் ஒருத்திதான். இதே சோபாவில், மூன்று வேளையும், ஸ்பூனைக் கையில் பிடித்துக்கொண்டு சொல்வாள். ஆ காட்டு, ஆ காட்டு, என் தங்கம்ல. கேட்டுக்கொண்டே இருந்திருக்கிறது.

பார்த்துவிட வேண்டும் என்று தோன்றியது. எங்கே இருக்கிறது என்று தெரியாமல் எந்தப் பக்கம் ஓடுவது? ரிமோட்டின் ஒளி கண்ணுக்குத் தெரியாது, போன் கேமராவுக்குத் தெரியும். போனைத் திறந்து சோபாவைக் காட்டினாள். ஒன்றுமில்லை. அப்போதுதான் நினைவு வந்தது, பின்பக்கக் கேமரா அந்த ஒளியை வடிகட்டிவிடும். செல்ஃபி கேமராவில்தான் விழும்.

அப்படியென்றால் சோபாவுக்கு முதுகைக் காட்ட வேண்டும்.

திரும்பினாள். போனை நீட்டிப் பிடித்தாள். அவள் முகம். பக்கத்தில் தூங்கும் முகம். பின்னால் சோபா, சரிந்த தலையணைகள், கறுப்பு இடுக்கு.

டிக்.

இடுக்கில் எதுவும் மின்னவில்லை.

டிக்.

அவள் கன்னத்தின் ஓரம் ஊதாவாக ஒளிர்ந்தது. அணைந்தது.

போனை மெல்ல, மிக மெல்ல, பிள்ளையின் பக்கம் சாய்த்தாள்.

டிக்.

ஒளி குட்டியின் வாய்க்குள்ளிருந்து வந்தது. உதடு சிவந்தது. கன்னத்தின் சதை விளக்குப் போட்ட மாதிரி உள்ளிருந்து தெரிந்தது. முன்னால் நாலு பால் பல். அவற்றுக்குப் பின்னால், தொண்டைப் பக்கம், வேறொரு வரிசை. பெரிசு. மஞ்சள். நடுவில் ஒரு சந்து.

திரையில் "டு" விழுந்தது.

குட்டியின் வாய் திறந்தது. தூக்கத்திலேயே. சமர்த்தாக. அகலமாக.

"குட்டி... துப்புடா. துப்பிடு கண்ணு" என்றாள்.

மாமியார் இல்லை. யாரும் இல்லை. அவள்தான் அம்மா. அவள்தான் எடுக்க வேண்டும். போனைக் கீழே விட்டாள். இரண்டு விரலைச் சேர்த்து உள்ளே விட்டாள். வழவழப்பு. சூடு. சின்ன நாக்கு. எதுக்களித்துக்கொண்டு வந்ததை விழுங்கினாள், விடவில்லை. ரப்பர் தட்டுப்பட்டது. பட்டன்கள், வரிசை வரிசையாக, ஈறு மாதிரி மெத்தென்று. பிடித்து இழுத்தாள். வரவில்லை. அது தனியாக இல்லை. சதையோடு இருந்தது.

இன்னும் உள்ளே. விரல் முழுக்க. மணிக்கட்டு வரை. ஒரு வயதுப் பிள்ளையின் வாயில் அவ்வளவு இடம் கிடையாது. ஆனாலும் போனது. இன்னும் இடம் இருந்தது.

பெரிய பற்கள் மணிக்கட்டின் மேல் வந்து உட்கார்ந்தன. கடிக்கவில்லை. பிடித்துக்கொண்டன, அவ்வளவுதான். குட்டி அவள் கழுத்தில் சீராக மூச்சு விட்டுக்கொண்டிருந்தது.

சின்ன நாக்குக்கு அடியிலிருந்து இன்னொரு நாக்கு, தடித்து, சொரசொரப்பாக, மேலே வந்தது. அவள் விரல்களை ஒவ்வொன்றாக நக்கிப் பார்த்தது. ஆள்காட்டி விரலைத் தேர்ந்தெடுத்தது. அதைச் சுற்றி வளைத்து, பொறுமையாக, பாடம் நடத்துவது போல, ஒரு பட்டனின் மேல் கொண்டுபோய் வைத்தது.

டிக்.

திரையில் நீலச் சதுரம் அடுத்த எழுத்தைத் தேடிக் கிளம்பியது. இந்த முறை அமுக்கியது அவள் விரல்.