இரண்டாம் நாளில் அறுந்த கயிறு

"ஐயோ... நவுருடா துலுக்காணம்!"

யாரோ கத்தி முடிப்பதற்குள் கிரேனின் கம்பிக் கயிறு அறுந்தது. இரண்டு டன் இரும்புப் பாளம் கீழே விழுந்தது.

துலுக்காணம் நகரவில்லை. இனி நகரப் போவதும் இல்லை!

1978. கும்மிடிப்பூண்டியில் புதிதாக முளைத்திருந்த ஓர் இரும்பு ஆலை. கயிறுகளைப் பரிசோதித்துக் கையெழுத்துப் போடும் ஆரோக்கியமேரி ஓடிவந்தாள்.

போலீஸ் வந்ததும் ஃபோர்மேன் வீரராகவன் அவளையே கைகாட்டினார்.

"இவங்க பாஸ் பண்ண செவப்புக் கயிறு சார்! முந்தாநாள் நாந்தான் மாட்டுனேன். ரெண்டே நாள்ல பூடுச்சு! போர்டைப் பாருங்க!"

இன்ஸ்பெக்டர் பூவராகவன் பார்த்தார். சராசரி ஆயுள்... கறுப்புக் கயிறு நூறு நாள். சிவப்பு அறுபது.

"இன்னாம்மா இது? மட்டமானதைப் பாஸ் பண்ணிக்கினு... உன்னைத்தான் உள்ள வெக்கணும்!"

மேரி பதிவேட்டைத் திறந்தாள்.

"சராசரியை மட்டும் பார்த்தா ஏமாந்துடுவோம் சார். கறுப்புல சிலது ஒரு வருசம் உழைக்கும். நூத்துல பதினஞ்சு மொத வாரமே அறுந்துடும்! செவப்புல நாப்பது நாளுக்கு முன்னாடி ஒண்ணுகூட அறுந்ததில்ல. முப்பதாம் நாள் கழட்டிட்டா ஆபத்தே இல்ல. அதான் பாஸ் பண்ணேன்."

"அப்போ ரெண்டாம் நாள்ல...?"

"தானா அறுந்திருக்காது சார்... யாரோ அறுத்திருக்காங்க!"

பூவராகவன் குனிந்து, அறுந்த முனையைப் பார்த்தார். பாதிக் கம்பிகள் பிய்ந்திருந்தன. மீதிப் பாதி... வழவழவென்று ரம்பம் போட்ட வெட்டு!

மேரி வீரராகவனைக் காட்டினாள். "போன மாசம் குப்பன் செத்தானே, அவனைப் பாரத்துக்குக் கீழ நிக்கச் சொன்னதே இவர்தான். நாளைக்கு விசாரணையில துலுக்காணம் அதைச் சொல்ல இருந்தான் சார்... பாவி மனுசன், அவனையும் அதே மாதிரி நிக்க வெச்சுக் கொன்னுட்டாரு!"

வீரராகவன் தலையில் அடித்துக்கொண்டான். ஆமாம், இனி அவனுக்கு மரியாதை 'ர்' எதற்கு?

"சே! சராசரி கம்மியாக்கீதேன்னு செவப்பைப் போய் அறுத்தேனே! கறுப்பை அறுத்திருந்தா எவனும் கேட்டிருக்க மாட்டான்!"

கையில் விலங்கு விழுந்தது. ஜீப்பில் ஏறும்போது கேட்டான்.

"சார்... கொலைக் கேசுல சராசரியா எத்தினி பேரைத் தூக்குல போடுவாங்க?"

"நூத்துல ரெண்டு பேருன்னு வெச்சுக்கோயேன்... ஆனா உனக்குக் கீறது ஒரே கழுத்துதானேய்யா!"