ஒரு வாய் நன்னீர்

1974ஆம் ஆண்டு டிசம்பர் 4, புதன்கிழமை நண்பகலில், வடதுருவத்தை அடுத்த உபெர்னாவிக் நகருக்குச் செல்லும் உறைகடல் பாதையில் நாய்கள் இழுக்கும் பனிவண்டியில் வந்த மூவர், பனிப்புயலுக்கு அஞ்சி ஒரு கைக்குழந்தையோடு வேட்டைக்காரர்களின் மரக்குடிலில் ஒதுங்கினர். செவரினா, அவள் கணவன் மலக்கியாஸ், அவன் தம்பி ஏனோக் ஆகியோரே அம்மூவர். குழந்தைக்கு ஞாயிறன்று நகரத்துத் தேவாலயத்தில் ஞானஸ்நானம். நண்பகலாயினும் இருட்டுதான், சூரியன் நவம்பரிலேயே விடைபெற்றிருந்தது.

வழியில் ஏனோக் சுட்ட கடல்நாயை முன்னறையில் கிடத்தினார்கள். வெளிக்கதவுக்கும் உட்கதவுக்கும் இடையே ஆள் படுக்கும் அளவே உள்ள அறை அது.

“வாயில தண்ணி ஊத்தினியா?” என்று செவரினா கேட்டாள்.

“விடுங்க அண்ணி. ஆயுசு முழுக்கக் கடல்ல முங்கிக் கெடந்ததுக்குத் தண்ணியா? நான் இருந்த கோபன்ஹேகன்ல சொன்னா சிரிப்பாங்க.”

“அதனாலதான் உன்னைத் திருப்பி அனுப்பிட்டாங்களோ?” என்றான் மலக்கியாஸ்.

சிரித்தார்கள். உப்புக்கடலில் வாழும் கடல்நாய்க்குத் தீராத தாகம் உண்டு. நன்னீர் ஒரு வாய் கிடைக்கும் என்று நம்பியே அது வேடனிடம் உயிரை ஒப்படைக்கிறது. இதை அறியாதவர் அவர்களில் எவருமில்லை. ஆயினும் செவரினாவுக்குக் கை விறைத்திருந்தது, குழந்தை அழுதது. அவளும் விட்டுவிட்டாள்.

புயல் வெளிக்கதவைப் பனியால் அடைத்தது. இருவர் தோள் கொடுத்தும் அது அசையவில்லை. சன்னலும் புதைந்தது. திமிங்கிலத் தோலும் உலர்ந்த மீனும் வேண்டிய மட்டும் இருந்தன. குடிப்பதற்குப் பனிமலையிலிருந்து வெட்டி வந்த பனிக்கட்டி மட்டுமே இருந்தது. அதை உருக்க மண்ணெண்ணெயும் கொஞ்சமே.

உருக்கிய நீர் கெண்டி நிறைய இருந்தது. கண்ணயர்ந்து எழுந்தபோது அது காலியாக இருந்தது.

“ஒத்தையா குடிச்சுத் தீர்த்தியாடா?”

“நானா? அண்ணே, நீதான் குறட்டை விட்டுக்கிட்டே குடிச்சிருப்பே!”

மீண்டும் உருக்கினார்கள். இம்முறை மூவரும் விழித்தே இருந்தனர். கெண்டியை எவரும் தொடவில்லை. ஆயினும் நீர் இறங்கிக்கொண்டே போனது.

முன்னறையில் ஓர் ஓசை கேட்டது.

மடக். மடக். மடக்.

எவரோ தொண்டை நனைக்கும் ஓசை.

ஏனோக் டேனிஷ் மொழியில் மன்னிப்புக் கேட்பதுபோல் ஏதோ முணுமுணுத்தான்.

“நம்ம பாஷையில சொல்லுடா,” என்று மலக்கியாஸ் கிசுகிசுத்தான். “அதுக்கு அந்தப் பாஷை தெரியாது.”

எஞ்சிய நீரை அவசரமாகக் கோப்பைகளில் ஊற்றிக் குடித்தார்கள். மூவரும் துப்பினார்கள். அது கடல்நீராக இருந்தது. அதன்பின் உருக்கியதெல்லாம் உப்புக் கரித்தது. நாக்குத் தடித்தது, உதடு வெடித்தது. கொழுப்பும் பழைய உதிரமும் கலந்த நெடி உட்கதவின் இடுக்கு வழியே கசிந்தது. அடுப்பும் அணைந்தது. மெழுகுவர்த்தி ஒன்றே எரிந்தது.

செவரினா குழந்தைக்குப் பால் கொடுத்தாள். அது இருமித் துப்பி, வீறிட்டு அழுதது. அவள் விரலில் ஒரு சொட்டு எடுத்து நாக்கில் வைத்தாள்.

உப்பு.

குழந்தையின் அழுகை நேரம் செல்லச் செல்ல மெலிந்தது. கண்ணீர் வருவதும் நின்றது.

பனிக்கட்டியில் கைப்பிடி அளவு துண்டு ஒன்றே மிஞ்சியிருந்தது. “நீ தின்னு. பால் ஊறும்,” என்றான் மலக்கியாஸ். அவள் அதைக் கடித்து வாயில் அடக்கினாள். கரைந்த நீர் இனித்தது. உப்பில்லை. உடம்பு முழுவதும் அந்த ஒரு மிடற்றுக்காகத் துடித்தது.

முன்னறையில் நாக்கு ஒன்று, வறண்ட அண்ணத்தில் ஒட்டிப் பிரிந்தது.

டொக்.

அவள் விழுங்கவில்லை. குழந்தையைக் கணவனிடம் கொடுத்துவிட்டு மெழுகுவர்த்தியை எடுத்தாள்.

“அண்ணி, கதவைத் தொறக்காதீங்க!”

வாய் நிறைய நீரோடு அவள் உட்கதவைத் திறந்தாள்.

கடல்நாய் மரக்கட்டையைப் போல் உறைந்து கிடந்தது. ஆனால் கிடத்திய இடத்தில் இல்லை. அதன் மூக்கு உட்கதவின் அடியில் அழுந்தியிருந்தது. தாடைகள் இறுகியிருந்தன. செவரினா மண்டியிட்டுக் குனிந்து, அதன் வாயோடு தன் வாயை வைத்தாள்.

தாடை திறந்தது.

அவள் ஊற்றவில்லை. அது உறிஞ்சியது. கடைசிச் சொட்டு வரை உறிஞ்சியது. அதன்பின் அவள் மூச்சையும் கொஞ்சம் இழுத்தது. பிறகு விட்டுவிட்டது.

மெழுகுவர்த்தி அணைந்தது. வெளியே காற்றும் நின்றது. கதவைச் சுரண்டிய வண்டி நாய்களின் நகவொலி அவர்களுக்குக் கேட்டது. ஏனோக் தோளால் ஒருமுறை மோதினான். பனி உதிர்ந்து கதவு திறந்தது. விண்மீன்களுக்குக் கீழே அமர்ந்து செவரினா மீண்டும் பால் கொடுத்தாள். குழந்தை முகம் சுளிக்காமல் குடித்தது.

ஞானஸ்நானம் குறித்த நாளில் நடந்தது. பின்னர் ஊரார் கூடிப் பேசினர். குடிலை எரித்துவிடலாம் என்று ஏனோக் சொன்னான். எவரும் ஒப்பவில்லை. அங்கே தங்குபவர் தாம் குடிக்குமுன் ஒரு கோப்பை நன்னீரை முன்னறையில் வைக்க வேண்டும் என்று முடிவாயிற்று. கோப்பை விடிவதற்குள் காலியாகிவிடுகிறது; அதன் விளிம்பில் வாய் வைத்த இடத்தில் மட்டும் உப்புப் படிகிறது. அந்த உப்பே அது குடித்ததற்குச் சாட்சி என்பதால் அக்கோப்பையைக் கழுவுவதில்லை என்றும் முடிவு செய்யப்பட்டது.