தம்பியின் ஸ்பிரிங் செட்

வேலை முடிந்து வந்து அறைக் கதவைத் தள்ளியபோது, தம்பியின் முகம் சுவர்ப்பக்கம் திரும்பியிருந்தது.

அக்கா கைப்பையைக்கூட இறக்கவில்லை. காலையில் அவள்தான் கட்டிலின் தலைமாட்டை உயர்த்தி, பாதி உட்கார்ந்த மாதிரி அவனைச் சாய்த்து, தலையை நேராக வைத்து, இரண்டு பக்கமும் துண்டைச் சுருட்டி அண்டைகொடுத்துவிட்டுப் போயிருந்தாள். விபத்துக்குப் பிறகு அவன் உடம்பில் எதுவும் அவன் சொல் கேட்பதில்லை. வைத்தது வைத்தபடி கிடப்பான். கண் திறந்திருக்கும், ஆனால் பார்க்காது. தொண்டையில் போட்ட துளை வழியாக மூச்சு மட்டும் மெல்லிய விசிலோடு போய்வரும்.

பகலில் அவனைப் பார்த்துக்கொள்ளும் நர்சம்மா வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டிருந்தார்.

"நீங்க திருப்பி வெச்சீங்களா?"

"நான் எங்க திருப்பினேன்? இப்பதான் குழாய்ல சாப்பாடு விட்டேன். நேராத்தான இருந்தார்?"

அக்கா கட்டிலோரம் மண்டியிட்டாள். தானாகத் திரும்பியிருக்கிறான். அவளுக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்தே வந்தன. கும்பிட்ட சாமி, கும்பிடாத சாமி எல்லாரையும் ஒரே மூச்சில் கும்பிட்டாள். ஒரேயொரு விஷயம்தான் லேசாக உறுத்தியது. தலை சாய்ந்த பக்கமே போர்வையும் ஒதுங்கிக் கிடந்தது. தலையணையும் அப்படித்தான். கட்டிலில் இருந்த எல்லாவற்றையும் யாரோ ஒரே பக்கமாக இழுத்துவிட்ட மாதிரி இருந்தது.

அந்த அறையின் ஒரு மூலை முந்தின நாள்தான் காலியானது.

தம்பிக்கு வண்டி என்றால் உயிர். இரண்டே பேர் உட்காரக்கூடிய, தரையை நக்கிக்கொண்டு போகிற பழைய ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றை வாங்கினான். கம்பெனி போட்டுக்கொடுத்த சஸ்பென்ஷன் தொளதொளவென்று இருக்கிறதென்று அதைக் கழற்றிப்போட்டுவிட்டு, வெளி மார்க்கெட்டில் தேடிப்பிடித்து ஒரு செட் மாட்டினான். ஸ்பிரிங்கும் ஷாக் அப்சார்பரும் ஒன்றுக்குள் ஒன்றாகக் கோத்த நாலு தடித்த தண்டுகள். ஒவ்வொன்றின் தலையிலும் ஒரு குமிழ் இருக்கும். திருகினால் டிக் டிக்கென்று இறுகும். "இது போட்டப்புறம் ரோடு நேரா முதுகுல ஏறுதுக்கா. சின்னக் கல்லு மேல ஏறினாக்கூட எனக்குத் தெரியும்" என்பான். பெண்டாட்டியைப் புகழ்கிற மாதிரி அதைப் புகழ்வான்.

ஈரச் சாலை ஒன்றில் வண்டி வழுக்கிக்கொண்டு போய்ப் பாலத்துத் தூணில் பக்கவாட்டில் மோதியது. வண்டி சுக்குநூறு. பழைய இரும்புக்கு உடைக்க எடுத்துப்போன மெக்கானிக், இந்த நாலை மட்டும் வீட்டுக்குக் கொண்டுவந்து வைத்தார். "ஒரு கீறல்கூட இல்லம்மா. ஆச்சரியம்தான். வித்துடுங்க, யாராவது ஓட்டட்டும்."

விற்க மனசில்லாமல் மாதக்கணக்கில் தம்பி அறை மூலையிலேயே நிறுத்தி வைத்திருந்தாள். சளி உறிஞ்சும் மெஷின் வைக்க வேறு இடம் இல்லை என்றானபோதுதான் துடைத்து, படம் எடுத்து, விளம்பரம் போட்டாள். ஒளிவுமறைவில்லாமல் எல்லாவற்றையும் எழுதினாள்.

கம்பளிக் குல்லா போட்ட ஒரு இளைஞன் வந்தான். அவனிடமும் அதே மாடல் வண்டி இருந்தது. கலகலப்பான பிள்ளை.

"ஆக்சிடென்ட் ஆன வண்டியோடது. அப்புறம் சொல்லலன்னு சொல்லக்கூடாது" என்றாள் அக்கா.

"இரும்புக்கு என்னக்கா தெரியும், பாவம். அதுபாட்டுக்கு வேலையைச் செஞ்சிருக்கு." சிரித்தபடி அறைக்குள் எட்டிப்பார்த்தவன், கட்டிலைக் கண்டதும் குல்லாவைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டான். பிறகு குமிழ்களைத் தடவிப்பார்த்து, "இந்த செட்டிங் அவர் வெச்சதா?" என்று மெதுவாகக் கேட்டான்.

"அவன்தான் வெச்சான். பைத்தியம் மாதிரி ராத்திரி பகலா உக்காந்து வெச்சான்."

"அப்ப நான் அதுல கை வெக்க மாட்டேன். அப்படியே மாட்டிக்கறேன்."

மூன்றைத் தூக்கிக்கொண்டுபோய் வண்டியில் வைத்தான். நாலாவதைத் தூக்கி அறை வாசலைத் தாண்டியபோது தம்பியின் விசில் ஒரு கணம் நின்றது. அக்கா ஓடிப்போய்ப் பார்ப்பதற்குள் மறுபடி கேட்டது. சளியாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டாள்.

தலை திரும்பியதற்கு மறுநாள் சாயங்காலம், அவள் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும்போதே அது நடந்தது.

முதலில் ஒரு நடுக்கம். காய்ச்சல் நடுக்கம் போல விட்டுவிட்டு வராமல், மாவு மில் சுவரில் கைவைத்தால் தெரிகிற மாதிரி ஒரே சீரான, மெல்லிய அதிர்வு. அவன் பற்கள் ஒன்றோடொன்று உரசி நறநறவென்று சின்னதாக ஒலித்தன. பிறகு உடம்பு மொத்தமும் வலப்பக்கம் சாய ஆரம்பித்தது. இழுத்துக்கொள்ளும் நரம்பின் வெட்டல் அதில் இல்லை. நிதானமாகச் சாய்ந்து, சாய்ந்த இடத்திலேயே கொஞ்சம் நின்று, மெல்ல நிமிர்ந்தது. போர்வையும் கூடவே நகர்ந்து கூடவே திரும்பியது. உடனே இன்னொரு பக்கம். பிறகு இடுப்பு மெத்தையைவிட்டு ஒரு விரற்கடை எழும்பித் தொப்பென்று விழுந்தது. கட்டில் கிறீச்சிட்டது. அறையில் மருந்து வாடைக்கு நடுவே, வெயிலில் காய்ந்த டயர் வாடை எங்கிருந்தோ வந்து மூக்கில் ஏறியது.

"டேய், கேக்குதாடா? அக்காடா."

கண் விட்டத்தையே பார்த்துக்கொண்டிருந்தது.

நரம்பு விழித்துக்கொள்கிறது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். காலையில் கொஞ்ச நேரம், சாயங்காலம் கொஞ்ச நேரம், ஊர் வேலைக்குப் போகிற வருகிற வேளையில் அது வந்தது. ராத்திரியில் அவன் கல்லாகக் கிடந்தான். அவளும் தூங்காமல் அவன் மூச்சின் விசிலை எண்ணிக்கொண்டு கிடந்தாள்.

நர்சம்மாதான் முதலில் சொன்னார். பையை எடுத்துக்கொண்டு, அறைக்குள் வராமல், வாசலில் நின்றே சொன்னார்.

"அம்மா, எத்தனையோ பேஷன்ட்டைப் பாத்திருக்கேன். நரம்பு முழிச்சா கை ஆடும், கால் ஆடும். போர்வை ஏம்மா ஆடணும்?"

அக்கா போர்வையை இழுத்து நேராக்கினாள்.

"எனக்கும் பிள்ளைகுட்டி இருக்கும்மா. மன்னிச்சுக்கோங்க." அதற்கப்புறம் அவர் வரவில்லை. அக்கா வேலைக்கு லீவு சொல்லிவிட்டு வீட்டோடு இருந்தாள்.

லீவு போட்ட முதல் நாள் சாயங்காலம் போன் அடித்தது. குல்லாக்காரன்.

"அக்கா, தேங்க்ஸ் சொல்லத்தான் கூப்பிட்டேன். வண்டி பறக்குதுக்கா! உங்க தம்பி பெரிய கில்லாடி. இப்பகூட ஓட்டிக்கிட்டேதான் பேசறேன், ஸ்பீக்கர்ல. இதோ பெரிய வளைவு வருது பாருங்க, கொஞ்சம்கூட அலுங்காது..."

தம்பி இடப்பக்கம் சாய்ந்தான்.

அக்கா கட்டிலைப் பார்த்தாள், போனைப் பார்த்தாள்.

"பாத்தீங்களா! ஐயோ, ஸ்பீட் பிரேக்கர்..."

தொப். கட்டில் கிறீச்சிட்டது. கொஞ்சம் பொறுத்து இன்னொரு தொப். பின் சக்கரம்.

"தம்பி," என்று குல்லாக்காரனைக் கூப்பிட்டாள். "வண்டியக் கொஞ்சம் நிறுத்துங்க."

"என்னக்கா?"

"நிறுத்துங்கன்னு சொல்றேன்!"

கட்டிலில் தம்பியின் மார்பு முன்னால் பாய்ந்தது. தாடை நெஞ்சில் இடித்தது. பிறகு பின்னால் விழுந்தான். அதிர்வு மட்டும் தொடர்ந்தது. போனில் எஞ்சின் உறுமிக்கொண்டிருந்தது. "நிறுத்திட்டேன். என்னக்கா ஆச்சு?" என்று அவன் கேட்டுக்கொண்டே சாவியைத் திருப்பினான். எஞ்சின் அடங்கியது. தம்பியின் பற்கள் அடங்கின.

அக்கா போனை வாயோடு ஒட்டிவைத்துக்கொண்டாள்.

"அந்த செட்டைத் திருப்பிக் குடுத்துடுங்க. உங்க காலைப் பிடிச்சுக் கேக்கறேன்."

பாவம், அவன் வேறு மாதிரி எடுத்துக்கொண்டான். தம்பி ஞாபகமாக வைத்திருந்ததை விற்றுவிட்டு வருத்தப்படுகிறாள் என்று நினைத்தான். "புரியுதுக்கா. எங்க அப்பாவோட வாட்ச் தொலைஞ்சப்ப எனக்கும் அப்படித்தான் இருந்துச்சு. நாளைக்கு ஃபிரெண்டுங்களோட மலைக்குப் போறேன். போயிட்டு வந்ததும் கழட்டிக் கொண்டாந்து தந்துடறேன். சத்தியமா."

மலை. வேண்டாம் என்று எப்படிச் சொல்வது? எதைச் சொல்லி நம்பவைப்பது?

மறுநாள் விடியும்போதே ஆரம்பித்துவிட்டது. பகலெல்லாம் தம்பி ஒரு பக்கம் சாய்ந்தான், மறுபக்கம் சாய்ந்தான். தலையணைகளை அடுக்கி முட்டுக்கொடுத்தாள். அவை சரிந்தன. பழைய சேலையைக் கிழித்து மார்புக்குக் குறுக்கே கட்டிலோடு சேர்த்துக் கட்டினாள். ஒவ்வொரு வளைவுக்கும் துணி விண்ணென்று இழுத்து, அவன் தோளில் சிவப்பாகத் தடம் விழுந்தது. மத்தியானத்துக்கு மேல் முதுகு பின்னால் அழுந்திக்கொண்டே இருந்தது. ஏறுகிறார்கள். மேலே, மேலே. அவன் உள்ளங்கை ஜில்லென்று ஆனது. ஜன்னல் மூடியிருந்தும் அறைக்குள் மழை வாடை வந்தது. இங்கே வானம் வெளுத்துக் கிடந்தது.

பொழுது சாய்கிற நேரத்தில் அதிர்வு நின்றது. வண்டியை நிறுத்தியிருக்கிறான். இதுதான் சமயம் என்று போன் போட்டாள். எல்லாவற்றையும் கொட்டினாள். திரும்பிய தலை, நகர்ந்த போர்வை, வளைவு, ஸ்பீட் பிரேக்கர். சிரிப்பான் என்று எதிர்பார்த்தாள். சிரித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"அக்கா," என்றான் அவன். "நீங்க திட்டக்கூடாது. நானும் ஒண்ணு கேக்கணும். உங்க தம்பி மூச்சு விடும்போது விசில் மாதிரி சத்தம் வருமில்ல?"

அவள் கட்டில் பக்கம் திரும்பினாள்.

"செட் மாட்டின நாள்லேருந்து கேக்குதுக்கா. பக்கத்து சீட்லேருந்து. ஜன்னல் சரியா மூடலன்னு நெனச்சேன். ஃபிரெண்டுங்க வேற வண்டில முன்னாடியே மலை எறங்கிட்டாங்க. நான் இப்பத் தனியா இருக்கேன்." போனில் சாவி குலுங்கும் சத்தம் கேட்டது. "நான் இப்பவே வந்துடறேன். இன்னிக்கே கழட்டிடறேன்."

"வண்டிய அங்கயே விட்டுட்டு வேற ஏதாவதுல வாங்க!"

"இங்க ஒரு ஈ காக்கா இல்லக்கா. மழை கொட்டுது. நீங்க போனை வெச்சுடாதீங்க, ப்ளீஸ். பேசிக்கிட்டே வரேன்."

"மெதுவா வாங்க. அவசரமே இல்ல. மெதுவா..."

தம்பியின் பற்கள் உரச ஆரம்பித்தன.

இறக்கம். உடம்பு முன்னால் தொங்கியது. துணி இறுகியது. இடம், வலம், இடம். ஒவ்வொரு சாய்வும் முந்தினதைவிட வேகமாக வந்தது. பயந்தவன் கால் பிரேக்கில் நிற்காது. பின்னால் எதுவோ துரத்துகிறமாதிரி ஓட்டினான். ஆனால் அது பின்னால் இல்லை, பக்கத்தில் உட்கார்ந்திருந்தது. வளைவுக்கு வளைவு பிரேக் கருகும் வாடை. போனில் மழை, வைப்பர், அவன் வாய்க்குள் எதையோ முணுமுணுப்பது. இங்கே விசில். போனிலும் விசில். இரண்டும் ஒன்றாக ஏறின, ஒன்றாக இறங்கின.

"மெதுவா, சாமி, மெதுவா..."

வலம். இடம். வலம்.

"அக்கா," என்றான் குல்லாக்காரன் திடீரென்று. "விசில் நின்னுடுச்சு."

அக்கா திரும்பினாள். தம்பி மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தான்.

ஒரு பெரிய வழுக்கல். கட்டிலே தரையில் கீறிக்கொண்டு நகர்ந்தது. போனில், ரோட்டோரத் தடுப்பு போல ஏதோ ஒன்று முறிந்த சத்தம். பிறகு அதிர்வு நின்றது. எல்லாமே நின்றது.

துணி தளர்ந்தது.

அவன் தலைமுடி எழும்பியது. போர்வை எழும்பியது. அழுந்தியிருந்த மெத்தை, கனம் போனதும் மெல்ல உப்பியது. அதற்கு மேல், ஒரு சாண் உயரத்தில், தம்பி இருந்தான். கை இரண்டும் தண்ணீரில் மிதப்பதுபோல விரிந்திருந்தன.

போன் கட்டாகவில்லை. அதில் காற்று. வெறும் காற்று.

அக்கா அவன்மேல் விழுந்து இரண்டு கையாலும் இறுக்கிக் கட்டிக்கொண்டாள். கீழே அழுத்தினாள். இறங்கவில்லை. தன் மொத்தக் கனத்தையும் போட்டு அழுத்தினாள். இறங்கவில்லை. வண்டிக்குக் கீழே தரை வரக் காத்திருந்தாள். பல்லைக் கடித்துக்கொண்டு, கண்ணை மூடிக்கொண்டு, இதோ, இதோ என்று காத்திருந்தாள்.

வரவில்லை.

கண்ணைத் திறந்தபோது தம்பி அவளைப் பார்த்துக்கொண்டிருந்தான். விபத்துக்குப் பிறகு முதல் தடவையாகப் பார்த்தான். அவள்தான் என்று தெரிந்து பார்த்தான். உதடு அசைந்தது. தொண்டைத் துளை வழியே காற்றாகத்தான் வந்தது. ஆனாலும் புரிந்தது.

"பிடி, அக்கா."

பிடித்துக்கொண்டுதான் இருந்தாள். கையில் கனமே இல்லை. போனில் காற்று வீசிக்கொண்டே இருந்தது.