பிடிச்சாச்சு, வாங்க

தேநீர் கொதிக்கும் நேரத்தில், பாதையே இல்லாத கிழக்குச் சரிவின் உச்சியிலிருந்து ஓர் ஆண்குரல், "நாயைப் பிடிச்சுக்கோங்க!" என்று கூப்பிட்டது. வீட்டுக்கு வரும் விருந்தாளி வழக்கப்படி அப்படிக் கூப்பிட்டால், எந்தக் கோபிப் பாலைவனக்காரியும் சொல்வதைத்தான் உயங்காவும் சொன்னாள். பாத்திரத்திலிருந்து தலையைக்கூடத் தூக்கவில்லை.

"பிடிச்சாச்சு, வாங்க!"

சொல்லி முடித்த பிறகுதான் உறைத்தது. இது வீடில்லை. ஆள் நடமாட்டமற்ற மலைத் தேசியப் பூங்காவின் நடுவில், இரண்டு கூடாரங்களும் இரண்டு ஒட்டகங்களுமாகத் தங்கியிருக்கும் பள்ளத்தாக்கு. நாய் எங்கிருந்து வரும்?

ஒட்டகக்காரர் தோர்லிக் சேணக்கயிற்றை முடிச்சுப் போட்டபடியே சிரித்தார். "எதைப் பிடிச்சே, காட்டு. நானும் பாக்குறேன்."

"கூப்பிட்டாங்களே அண்ணே. உங்களுக்குக் கேக்கலையா?"

"கேட்டுச்சு." சிரிப்பு பாதியில் நின்றது. அவர் சரிவை அண்ணாந்து பார்த்தார். காட்டாடுகூடத் தயங்கி ஏறும் செங்குத்துப் பாறை. "கேட்டுச்சு. ஆனா நான் பதில் சொல்லலை."

கூடாரத்துக்குள்ளிருந்து மிஷேல் குரல் கொடுத்தாள். தலைநகர் உலான்பாத்தரில் பல் மருத்துவர். நகரம் சலித்துப்போய் இந்த மலைநடைக்குப் பணம் கட்டி வந்தவள். முந்தின நாள் சறுக்குப் பாறையில் கணுக்கால் பிசகி, அது இப்போது ஆட்டுத்தலை அளவுக்கு வீங்கியிருந்தது. "அக்கா, விருந்தாளி வந்தா முதல்ல என் காலைப் பிடிச்சு விடச் சொல்லுங்க!"

மூவரும் சிரித்தார்கள். யாரும் வரவில்லை. தேநீரில் உப்புப் போட்டு, உலர்ந்த தயிர்க்கட்டியோடு ஆளுக்கொரு கிண்ணம் குடித்தார்கள். சரிவிலிருந்து ஒரு கல்கூட உருளவில்லை.

தன் வாய் ஏன் அப்படி முந்திக்கொண்டது என்பது உயங்காவுக்குத் தெரியும். போன இலையுதிர் காலத்தில் கணவன் செத்தான். பனி இறுகியபோது அவர்களுடைய கிழட்டு நாய் வாசலில் சுருண்டு படுத்தது, எழவில்லை. அதற்குப் பிறகு குளிர்காலம் முழுக்க அவள் வாசலில் நின்று அந்த வார்த்தையை யாருமே சொல்லவில்லை. சாயங்காலம் அடுப்பில் காய்ந்த சாணத்தைப் போட்டுவிட்டு, கரண்டியைக் கையில் பிடித்தபடி, காற்றில் அந்தக் கூப்பாடு வருகிறதா என்று காது கொடுத்து உட்கார்ந்திருப்பாள். ஓர் ஆள், வழி தவறிய யாராவது ஓர் ஆள். வழிகாட்டி வேலைக்கு வந்ததே பக்கத்துக் கூடாரத்தில் இன்னொருவர் மூச்சு விடுவதைக் கேட்டுக்கொண்டு தூங்கலாம் என்பதற்காகத்தான். வெட்கக்கேடுதான், ஆனால் உண்மை.

மதியத்துக்குப் பின் மேற்கே வானம் மஞ்சளாகத் தடித்தது. தோர்லிக் கயிறுகளை இழுத்துக் கட்டுவதற்குள் புழுதி வந்துவிட்டது. அது வருவதற்குக் கொஞ்சம் முன்னால் ஒட்டகங்கள் இரண்டும் ஒரே நேரத்தில் எழுந்து, அடுப்பு இருந்த பக்கத்தைப் பார்த்து மிரண்டு, மூக்குக்கயிற்றை அறுத்துக்கொண்டு பள்ளத்தாக்கின் வாய்ப்பக்கம் ஓடின.

"அதுங்க இல்லாம இந்தப் பொண்ணைத் தூக்கிட்டுப் போக முடியாது. தண்ணியும் நாளைக்குக் காணாது" என்று தோர்லிக் கத்தினார். "நான் பிடிச்சிட்டு வர்றேன். நீ இங்கேயே உக்காந்து பாத்திரத்தைத் தட்டிக்கிட்டே இரு. சத்தத்தை வச்சுத்தான் நான் வந்து சேரணும்."

நாலு எட்டில் புழுதி அவரை மறைத்தது.

உயங்கா மிஷேலின் கூடார வாசலில், துணிக்கு முதுகைக் கொடுத்து, முகத்தைச் சால்வையால் சுற்றிக்கொண்டு உட்கார்ந்து கரண்டியால் பாத்திரத்தைத் தட்டினாள். பகல் அழிந்து தவிட்டு நிற மங்கல் வெளிச்சமாகிவிட்டது. காற்று பாறை இடுக்குகளில் நுழைந்து ஊளையிட்டது, கூடாரத் துணி படபடத்தது, பல்லிடுக்கில் மணல் நறநறத்தது, எங்கோ நசுங்கிய காட்டு வெங்காயத்தின் வாசனை வந்து வந்து போனது. பிறகு அந்த வாசனைக்கு அடியில் இன்னொன்று வந்தது. நனைந்த ரோமத்தின் நாற்றம். மழை பெய்து மாதக்கணக்கான மண்ணில், ஈர ரோமம்.

"நாயைப் பிடிச்சுக்கோங்கம்மா!"

அதே குரல். இப்போது சரிவின் அடியில். மரியாதையான குரல்தான், குதிரையில் வந்து களைத்த ஒருவரின் குரல். அவள் பாத்திரத்தை விடாமல் தட்டிக்கொண்டே இருந்தாள்.

"அம்மா, பிடிச்சாச்சுன்னு சொன்னீங்களே." குரல் நடுங்கியது. "பிடிக்கலையே நீங்க. அது சும்மாதானே உக்காந்திருக்கு."

பாத்திரச் சத்தம் ஒரு தட்டுத் தவறியது. அந்த மனிதர் யாராக இருந்தாலும், உயிரோடிருப்பவரோ இல்லாதவரோ, அவளைப் பயமுறுத்த வரவில்லை. அவர் பயந்திருந்தார். இந்தப் பக்கம் வரவே பயந்து நின்றார். கொஞ்ச நேரத்தில் கற்கள் சரிந்தன, காலடிகள் விலகின. ஓடும் காலடிகள்.

"அக்கா" என்று மிஷேல் உள்ளிருந்து மெதுவாகக் கூப்பிட்டாள். "துணியில நிழல் தெரியுது. உங்க பக்கத்துல யாரு?"

"யாருமில்ல. படுத்துக்கோ."

"ரெண்டு நிழல் தெரியுதுக்கா."

உயங்கா திரும்பவில்லை. கழுத்து திரும்ப மறுத்தது. கரண்டியை மட்டும் ஓங்கி ஓங்கி அடித்தாள். அடிகளுக்கு நடுவே ஒரு மூச்சிரைப்பு. இடது பக்கம். அவள் நிறுத்தினால் அதுவும் நின்றது.

கடைசியில் ஒட்டக மணி கேட்டது. புழுதிக்குள் இரண்டு உயரமான உருவங்கள், நடுவே தோர்லிக். அவளுக்கு அழுகையே வந்துவிட்டது. "அண்ணே! இங்கதான்! வாங்க!"

அவர் வரவில்லை. கூப்பிடு தூரத்துக்கும் குறைவான இடத்தில் நின்றுவிட்டார். ஒட்டகங்கள் பின்காலில் தொய்ந்து இழுத்தன.

"உயங்கா" என்றார். "நாயைப் பிடி."

"அண்ணே, விளையாடாதீங்க. நாய்தான் இல்லியே…"

"பேசாதே. பிடி. எந்திரிச்சிருச்சு." அவர் குரல் உடைந்தது. "நீ பிடிச்சாத்தான் நான் வர முடியும். அந்தப் பொண்ணை ஏத்தணும்ல? பாக்காதே. கையை மட்டும் நீட்டு."

மிஷேல் உள்ளே விசும்பினாள். அவளை உயிரோடு மலையிலிருந்து இறக்கியாக வேண்டும். கால் பிசகியவள், தண்ணீர் இல்லாத இடம், வேறு வழியே இல்லை. உயங்கா கண்ணை மூடிக்கொண்டாள். இடது கையை நீட்டினாள்.

இருந்தது.

சூடாக. ஈரமாக. கழுத்து. அவள் தோளுயரத்துக்கு.

ரோமத்துக்குள் விரல்களைச் செருகி, பலம் கொண்ட மட்டும் பிடித்தாள். "பிடிச்சாச்சு" என்றாள். "வாங்க."

தோர்லிக் வளைந்து சுற்றி வந்தார். ஒட்டகத்தை மண்டியிடச் செய்வதும், கூடாரத்தின் பின்துணியைக் கத்தியால் கிழிப்பதும், மிஷேலைத் தூக்குவதும் அவளுக்குச் சத்தமாக மட்டுமே தெரிந்தன. மிஷேல் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். கைக்குள் இருந்தது அசைந்தபோதெல்லாம் உயங்கா இன்னும் இறுக்கினாள்.

"அண்ணே, நான்?"

சேணக்கயிறு இறுகும் சத்தம் கேட்டது.

"நீ விட்டுட்டா யாரு பிடிப்பா?" என்றார் தோர்லிக். அவரும் அழுதுகொண்டிருந்தார். "மணிச் சத்தம் ஓயற வரைக்கும் விட்டுடாதே தாயி. அவளை இறக்கிட்டு நான் திரும்பி வர்றேன்."

வருவாரா என்று அவள் கேட்கவில்லை. மணி பள்ளத்தாக்கின் வாய்ப்பக்கம் நகர்ந்தது. சின்னதானது. காற்று தணிந்து, புழுதி மெல்ல இறங்கி, மூடிய இமைகளுக்கு மேல் வெயில் சிவப்பாகப் படிந்தது. பக்கத்திலிருந்தது அவள் மேல் சாய்ந்தது. கனமான, கதகதப்பான சாய்வு. போன இலையுதிர் காலத்துக்குப் பிறகு அவள் மேல் யாருமே சாய்ந்ததில்லை. ஒரு கணம், ஒரே ஒரு கணம், அவளுக்கு அது பிடித்திருந்தது.

மணி ஓய்ந்தது.

அவள் விரல்களைத் தளர்த்தினாள். கையை இழுத்தாள். கை வரவில்லை. ரோமத்துக்கு அடியிலிருந்து ஐந்து விரல்கள் அவள் மணிக்கட்டைச் சுற்றி, வலிக்காமல், ஒவ்வொன்றாக மூடின.

காதோரம் ஈரமான மூச்சு பட்டது.

"போயிட்டாங்களா?" என்று அது கேட்டது.