வரிசையில் அவள் குரல்

கணவனின் பெயரைச் சொன்னது ஜெயபாரதி இல்லை.

ஆனால் குரல் அவளுடையதுதான். மூடுபனிக்குள் சற்று முன்னால் இருந்து, "ரகுநாதன்!" என்று கணீரென்று வந்தது. சொல்வதற்கு முன் அவள் எப்போதும் இழுக்கும் சின்ன மூச்சுகூட அதில் இருந்தது.

"இருக்கேன்!" என்றான் இடப்பக்கம் ரகுநாதன். பனியில் ஆள் தெரியவில்லை, சிரிப்பு மட்டும் கேட்டது. "சேது, கேட்டியா? கல்யாணமானதுலேர்ந்து இன்னிக்குத்தான் என் பேரு அவ வாயில வந்திருக்கு."

"நரிக்குத்தான் சார் நீங்க தேங்க்ஸ் சொல்லணும்," என்றார் வலப்பக்கம் நின்ற சேதுமாதவன், ரகுநாதனின் ஆபீஸ் நண்பர்.

ஜெயபாரதி வாயைத் திறந்தாள். நான் சொல்லலைங்க. அவ்வளவுதான் சொல்ல வேண்டியது. ஆனால் அவர் எவ்வளவு சந்தோஷமாகச் சிரிக்கிறார். தன்னால் சொல்ல முடியாத பெயரை யாரோ தனக்காகச் சொல்லிவிட்டார்கள் என்ற நிம்மதிதான் முதலில் வந்தது. பயம் அதற்குப் பிறகுதான் வந்தது.

பிழைக்க வந்த அரபு நாட்டில், ஃபஹாஹீல் நகரத்துக்குத் தெற்கே, பாலைவன ஓரத்தில் இருந்த அந்தக் கோழிப்பண்ணையில் குளிர்காலம் வந்தால் நரித் தொல்லை. பண்ணையைப் பார்த்துக்கொள்ளும் நெய்னா முகம்மது, வருஷம் ஒருமுறை தெரிந்தவர்களைத் திரட்டி, சூரியன் எழும் முன் வேட்டை நடத்துவார். வர வேண்டிய ஒருவர் காய்ச்சலில் படுத்துவிட்டார். "ரூம்லயே அடைஞ்சு கிடக்கிறே, நரியைக் கிளப்பி விட டப்பா தட்டறதுக்கு நீ வா," என்று ரகுநாதன் இவளைக் கூட்டி வந்துவிட்டான்.

புறப்படும் முன் பிக்கப் வண்டி அருகே எல்லார் தோளிலும் வெள்ளைத் துண்டைக் கட்டிவிட்டு, நெய்னா முகம்மது விதிகளைச் சொன்னார்.

"போன வருஷம் நம்ம ஆளையே நாம சுட்டுட்டோம். அவன் இன்னும் விந்தி விந்தித்தான் நடக்கிறான். அதனால துண்டு தோள்லயே இருக்கணும். எண்ணெய்க் குழாய் வரைக்கும் போய், அங்கேர்ந்து திரும்பி வருவோம். விசில் ஊதினா நில்லுங்க. நான் சேதுவைக் கூப்பிடுவேன், அவரு தங்கச்சியைக் கூப்பிடுவாரு, தங்கச்சி ரகுவைக் கூப்பிடணும். ஒரு பேருக்குப் பதில் வரலைன்னாலும் துப்பாக்கி நிமிரக் கூடாது. எல்லாரும் வரிசையில இருந்துட்டா, அப்புறம் முன்னால அசையறது நரிதான். மணல் நிறத்துல இருக்கும், கண்ணுக்குப் பிடிபடாது. வால் நுனி வெள்ளையா இருக்கும். அதைப் பாருங்க."

தங்கச்சி ரகுவைக் கூப்பிடணும். புருஷன் பெயரை அவள் வாயால் ஒருநாளும் சொன்னதில்லை. தபால்காரர் கேட்டால்கூடக் காகிதத்தில் எழுதிக் காட்டுவாள்.

முதல் முறை பெயர் கூப்பிட்டு முடிந்ததும் வரிசை மறுபடி நகர்ந்தது. கோழி எருவின் நெடியும், உப்புக் காற்றும், தூரத்தில் எரியும் எண்ணெய்க்கிணற்று வாயுவின் அழுகிய முட்டை நாற்றமும் ஈரப்பனியில் ஊறிச் சால்வை வழியாக உடம்பில் ஒட்ட, அவள் பால்பவுடர் டப்பாவைக் கரண்டியால் தட்டிக்கொண்டே நடந்தாள். அந்த எரிவாயுத் தீயின் சிவப்பு, பனி முழுவதும் பரவி, கண் முன்னால் எதுவும் இல்லாததையே ஏதோ இருப்பதுபோல் காட்டிக்கொண்டிருந்தது. டங், டங். அதற்குள் இன்னொரு டங் இருந்தது. முதலில் எதிரொலி என்று நினைத்தாள். திறந்தவெளியில் எங்கிருந்து எதிரொலி வரும்? தட்டுவதை நிறுத்தினாள்.

டங்.

முன்னால். பக்கத்தில்தான்.

காலை வேகமாக எடுத்து வைத்தபோது செருப்பு வார் அறுந்துகொண்டது. மணலெங்கும் முள். குனிந்து, வேறு வழியில்லாமல், தோளில் இருந்த துண்டை அவிழ்த்துச் செருப்பைக் காலோடு சேர்த்துக் கட்டினாள். நுனி நீளமாகத் தொங்கியது. இருக்கட்டும்.

நிமிர்ந்தபோது பக்கத்தில் யாரும் இல்லை. வரிசை அவளை விட்டு முன்னே போய்விட்டிருந்தது. அவள் நின்றிருக்க வேண்டிய இடத்திலிருந்து டப்பாச் சத்தம் மட்டும் ஒழுங்காகக் கேட்டுக்கொண்டே போனது. டங், டங், டங்.

விசில்.

எண்ணெய்க் குழாய்க்குப் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். அங்கே பெயர் கூப்பிட்டு, அப்படியே திரும்பி, வந்த வழியே துப்பாக்கியை நீட்டிக்கொண்டு வருவார்கள். இவள் இருக்கும் பக்கம்.

"சேது!"

"இருக்கேன்! ஜெயபாரதி சிஸ்டர்!"

"இருக்கேன்..." அவள் குரல் அவள் உதட்டைத் தாண்டவில்லை.

"இருக்கேன்!" என்றது அவள் குரல், அங்கிருந்து. "ரகுநாதன்!"

"இருக்கேன்டி. காது கிழியுது!"

"எல்லாரும் இருக்கோம்," என்றார் நெய்னா முகம்மது. "யல்லா, திரும்புங்க."

தோட்டா போட்டுத் துப்பாக்கிகளை மடக்கி மூடும் சத்தம் கேட்டது.

"என்னங்க!" என்று கத்தினாள். பனி அதை விழுங்கிவிட்டது. என்னங்க என்றால் யாருக்கு? பெயர். பெயரைச் சொல்ல வேண்டும். வயிற்றிலிருந்து எக்கினாள். நாக்கு மேலண்ணத்தில் ஒட்டியது. இன்னொரு முறை.

"ரகுநாதன்!"

வந்துவிட்டது. வாழ்க்கையில் முதல் தடவை.

அங்கே எல்லாச் சத்தமும் நின்றது.

"இப்பத்தானே கூப்பிட்டே?" ரகுநாதன் பக்கத்தில் யாரிடமோ கேட்டான். "திரும்ப எதுக்கு?"

"நான் கூப்பிடலைங்க," என்றது அவள் குரல், அவளுக்கே உரிய அடக்கத்தோடு. "நரி கத்துது."

பனி விலகியது. நான்கு உருவங்கள். நான்கு தோளிலும் வெள்ளை. ரகுநாதனை அடுத்து அவள் உயரத்தில், அவள் சால்வையோடு, இடுப்பில் டப்பாவை அணைத்துக்கொண்டு ஒன்று. டார்ச் வெளிச்சம் அதன் முகத்தைக் கடந்தபோது இரண்டு கண்களும் பச்சையாக மின்னி அணைந்தன.

அவள் ஓடக் காலை எடுத்தாள். துண்டின் நுனி மணலில் துள்ளியது.

"அதோ பாருங்க," என்றது அது. "கீழே. வெள்ளையா."

டார்ச் அவள் காலடியில் வந்து நின்றது. ரகுநாதன், சொல்லிக்கொடுத்த விதிப்படியே, ஒருமுறை பக்கத்தில் திரும்பி, மனைவி வரிசையில் இருப்பதைப் பார்த்துக்கொண்டான். பிறகு துப்பாக்கியை நிமிர்த்தினான்.